தொடைத் தசையை மில்லிமீட்டரில் பார்ப்பது

வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறோம், சர்க்கரை பார்க்கிறோம், எடை பார்க்கிறோம். தசை எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. முதியவர் ஒருவர் கீழே விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சையும் முடிந்து, நடைப்பயிற்சிக்காக எங்களிடம் வரும்போதுதான் தொடையில் மிச்சம் எதுவும் இல்லை என்பது தெரிகிறது. நான் பிசியோதெரபிஸ்ட். வேலை முழுக்க முதியவர்களோடுதான். இந்தத் தாமதம் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், கைபேசியிலோ டேப்லெட்டிலோ இணைத்துப் பார்க்கக்கூடிய அல்ட்ராசவுண்ட் புரோப் (தோலின் மேல் வைத்துப் படம் எடுக்கும் கருவி) வந்த பிறகும் இந்தத் தாமதம் தொடர்வதற்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் எடையைப் பற்றி. "எடை அப்படியேதானே இருக்கு, அப்புறம் எப்படி உடம்பு இளைச்சிருக்கும்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எடை இயந்திரத்துக்குத் தசையும் ஒன்று, கொழுப்பும் ஒன்று, காலில் தேங்கிய நீரும் ஒன்று. எழுபதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 0.6 முதல் 1 சதவீதம் வரை தசையை இழக்கிறார்கள். அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிட்டால் எடை அசையாது. இடுப்பில் துணி இறுகும், தொடையில் தொளதொளக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற அடையாளம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

இந்த மெதுவான இழப்பைவிட எனக்கு அதிகக் கவலை தருவது திடீர் இழப்பு. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வொன்று 2007-ல் வெளிவந்தது. நோய் எதுவும் இல்லை, வெறும் படுக்கைதான். பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ கொழுப்பில்லாத் திசு போயிருந்தது. இதோடு நோயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 63 பேரைத் தொடர்ந்து பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தொடையின் முன்பக்கம் இருக்கும் ரெக்டஸ் ஃபெமோரிஸ் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு பத்தாம் நாளுக்குள் சராசரியாக 17.7 சதவீதம் சுருங்கியிருந்தது. அதை அளந்த கருவி அல்ட்ராசவுண்ட். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரைத் திரும்பத் திரும்ப வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்கேன் எடுக்க முடியாது. கருவிதான் அவரிடம் வர வேண்டும்.

தசையை அளக்க வேறு வழிகள் இல்லாமல் இல்லை. எம்.ஆர்.ஐ., சி.டி. இரண்டும் தசையைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் செலவு, நேரம், சி.டி.யில் கதிர்வீச்சு, அந்த மேசையில் அசையாமல் படுத்திருக்கும் சிரமம் என்று தடைகள் பல. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா இயந்திரமே கொழுப்பில்லாத் திசுவையும் சொல்லும். உலகம் முழுக்க ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது அதுதான். ஆனால் கொழுப்பும் எலும்பும் அல்லாத எல்லாவற்றையும் அது ஒரே கணக்கில் சேர்த்துவிடும். இதயம் பலவீனமாகிக் காலில் நீர் கோத்திருப்பவருக்கு அந்த நீரும் அதே கணக்கில் ஏறும். உடலில் மெல்லிய மின்னோட்டம் செலுத்திப் பார்க்கும் பயோ இம்பீடன்ஸ் கருவி மலிவானது, எளிதானது. அது நேரடியாக அளப்பது மின்தடையை, அதாவது உடலின் நீரை. மிச்சமெல்லாம் சூத்திரம். தண்ணீர் குடிக்காமல் வறண்டிருப்பவருக்கும், சிறுநீரகக் கோளாறால் வீங்கியிருப்பவருக்கும் அந்தச் சூத்திரம் பொருந்தாது. பேஸ்மேக்கர் பொருத்தியவருக்கு அதைத் தவிர்க்கவே சொல்கிறார்கள்.

கெண்டைக்காலைச் சாதாரண டேப்பால் அளப்பதும் ஒரு வழி. ஆசிய நாடுகளின் சார்கோபீனியா (வயதாவதால் தசையும் வலிமையும் குறையும் நிலை) பணிக்குழு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே, பெண்களுக்கு 33-க்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு பாருங்கள் என்றிருக்கிறது. முதல் சல்லடையாக இது நல்ல அளவு. எந்தக் கருவியும் இல்லாத இடத்தில் நானும் இதைத்தான் செய்வேன். ஆனால் வீங்கிய காலில் டேப் ஏமாற்றும், பருமனான காலிலும் ஏமாற்றும்.

அல்ட்ராசவுண்டைப் பொறுத்தவரை எனக்குப் பிடித்தது இதுதான்: அது தசையை ஊகிப்பதில்லை, காட்டுகிறது. புரோப்பிலிருந்து ஒலி அலைகள் தோலுக்குள் போகின்றன. மென்திசுவில் அவற்றின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர் என்று கருவி எடுத்துக்கொள்கிறது. ஒரு திசு முடிந்து இன்னொன்று தொடங்கும் எல்லையில் ஒலியின் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்புகிறது. திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து ஆழம் கிடைக்கிறது. தசை பார்க்க நாங்கள் பயன்படுத்தும் நேர்கோட்டு புரோப்பில் 10 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் அலைநீளம் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பற்றிப் பேசுவதற்கு அது போதும்.

தொடையில் வைத்ததும் திரையில் வருவதை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் மறக்காது. மேலே தோல், அதன் கீழே கருமையான கொழுப்புப் படலம், பிறகு பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு, அது தசையுறை. அதற்குக் கீழே நீள்வட்டமாக ரெக்டஸ் ஃபெமோரிஸ். இன்னொரு வெள்ளைக் கோடு. அதன் கீழே வாஸ்டஸ் இன்டர்மீடியஸ் என்ற இன்னொரு தொடைத் தசை. அடியில் வில்போல வளைந்து பிரகாசிப்பது தொடையெலும்பு. எலும்புக்குப் பின்னால் நிழல், அங்கே ஒன்றும் தெரியாது. எலும்பின் மேற்பரப்புக்கும் மேலே உள்ள தசையுறைக்கும் நடுவே கோடு இழுத்தால் அதுதான் தசைத் தடிமன். ரெக்டஸ் ஃபெமோரிஸின் ஓரத்தைச் சுற்றி வரைந்தால் குறுக்குவெட்டுப் பரப்பு. இதற்கு ஊசியும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம்.

இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. 1968-லேயே ஜப்பானில் இகாய், ஃபுகுநாகா என்ற இரண்டு ஆய்வாளர்கள் கைத் தசையின் குறுக்குவெட்டை அல்ட்ராசவுண்டால் அளந்து, ஒரு சதுர சென்டிமீட்டர் தசை எவ்வளவு வலிமை தருகிறது என்று கணக்கிட்டார்கள். 1980-களின் நடுவில் பிரிட்டன் மருத்துவர் ஆர்ச்சி யங் குழுவினர் எழுபதுகளில் உள்ளவர்களின் தொடையையும் இருபதுகளில் உள்ளவர்களின் தொடையையும் இதே முறையில் ஒப்பிட்டார்கள். வயதான பெண்களின் தசை 33 சதவீதம் சிறியது, வலிமை 35 சதவீதம் குறைவு. ஆண்களிடம் தசை 25 சதவீதம் சிறியது, வலிமையோ 39 சதவீதம் குறைவு. அந்த ஆண்களின் கணக்கைக் கவனியுங்கள், பிறகு அதற்கு வருகிறேன். அறிவு அப்போதே இருந்தது. கருவிதான் சக்கரம் வைத்த பெரிய பெட்டியாக, ரேடியாலஜி அறைக்குள்ளேயே இருந்தது. கையடக்கக் கருவிகள் ஒவ்வொன்றாக வந்து, 2017-ல் ஒலியை எழுப்பும் படிகங்களுக்குப் பதிலாக ஒரே சிப்பில் ஏறக்குறைய 9,000 நுண் உணரிகளை வைத்த பட்டர்ஃபிளை ஐக்யூ என்ற புரோப் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, கதவு நன்றாகவே திறந்துவிட்டது.

தொடையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், வயதாகும்போது எல்லாத் தசையும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. தொடையின் பின்பக்கத்தைவிட முன்பக்கம் முன்னதாகவும் அதிகமாகவும் தேய்கிறது. நாற்காலியிலிருந்து எழ, படியேற, தடுக்கினால் சமாளித்து நிற்க உதவுவது அந்த முன்பக்கத் தசை. முழு உடலுக்கும் சேர்த்து ஒரே எண் தரும் கருவிகளில் இந்த இழப்பு கரைந்து மறைந்துவிடும். புரோப்போ நேராக அந்த இடத்தையே பார்க்கிறது.

சரி, இப்போது கைக்கு வருவோம். இந்த அளவீட்டின் பலமும் பலவீனமும் புரோப்பைப் பிடித்திருக்கிற கையில்தான் இருக்கிறது. தசை மென்மையானது. சற்று அழுத்தினாலே தட்டையாகிவிடும், அதிலும் வயதானவர்களின் தளர்ந்த தசை இன்னும் எளிதாக. நல்ல படம் வேண்டும் என்ற ஆசையில் கை தானாகவே அழுத்தும். படம் தெளிவாகும், தடிமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் காணாமல் போகும். அதனால் ஜெல்லைத் தாராளமாக விட்டு, புரோப் அந்த ஜெல்லின் மேல் மிதப்பதுபோல் பிடிக்கச் சொல்லித்தருகிறேன். திரையின் மேல் ஓரத்தில், தோலுக்கு மேலே ஜெல் ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரிந்தால் நீங்கள் அழுத்தவில்லை என்று அர்த்தம். பட்டை மறைந்துவிட்டால் படத்தை எடுக்காதீர்கள்.

அடுத்தது சாய்வு. ஒலி தசைக்குச் செங்குத்தாகப் போக வேண்டும். புரோப் கொஞ்சம் சாய்ந்தாலும் வெட்டுமுகம் சரிவாகிப் பரப்பு பெரிதாகத் தெரியும், தசையின் நிறமும் மாறும். தொடையெலும்பின் வில் மிகப் பளிச்சென்று எப்போது தெரிகிறதோ அப்போது நீங்கள் செங்குத்தாக இருக்கிறீர்கள். எலும்பே வழிகாட்டி.

அளக்கும் இடம். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் மேல் விளிம்பு வரை டேப் வைத்துப் பார்த்து, நடுப்புள்ளியில் பேனாவால் குறி போடுவது ஒரு முறை. மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் குறி போடுபவர்களும் உண்டு. வீங்கிய காலிலும் மிக மெலிந்த காலிலும் இரண்டில் எது சரிப்படும் என்பதில் ஆட்களுக்கு ஆள் கருத்து மாறுகிறது. எனக்கு அந்த வாதத்தில் ஆர்வம் குறைவு. எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதை எழுதிவையுங்கள், அடுத்த முறையும் அதே புள்ளிக்குப் போங்கள். வெவ்வேறு ஆய்வுகள் வெவ்வேறு புள்ளியில் அளந்து வந்த குழப்பத்தைச் சரிசெய்ய ஐரோப்பிய முதியோர் மருத்துவர்களின் சார்கஸ் என்ற பணிக்குழு 2018-லும் 2021-லும் விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. இதைத் தொடங்க நினைப்பவர்கள் அதைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

படுக்கும் நிலையும் முக்கியம். நடந்து வந்தவரை உடனே அளந்தால் ஓர் அளவு, சிறிது நேரம் படுத்த பிறகு அளந்தால் வேறு அளவு, ஏனென்றால் உடலின் நீர் இடம் மாறுகிறது. முதலில் சில நிமிடம் மல்லாந்து படுக்கவைத்துவிட்டுத்தான் ஜெல்லைத் தொடுவேன். "அய்யா, காலை அப்படியே தளர்வா விடுங்க, தூக்கிப் பிடிக்க வேண்டாம்" என்று சொன்னால் பலர் அப்போதுதான் காலை இன்னும் இறுக்குவார்கள். உதவ வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். வலி இருப்பவர்கள், மறதி நோய் உள்ளவர்கள், குளிரில் நடுங்குபவர்கள் எல்லாருக்கும் கூடுதல் நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்க முடியாத நாளில் அளக்காமல் விடுவதே மேல். ஒரே இடத்தில் மூன்று படம், ஒவ்வொரு முறையும் புரோப்பை எடுத்துவிட்டு மறுபடி வைத்து, மூன்றின் சராசரி. இறுகிய தசை தடித்துக் காட்டும் என்பதால் மூன்றில் ஒன்று மட்டும் எகிறினால் காலைப் பார்ப்பேன், திரையை அல்ல.

ஒரு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு? தொடையின் முன்பக்கத் தசைத் தடிமன் 20 மில்லிமீட்டர் உள்ள ஒருவருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது 5 சதவீதம். சாய்வு, அழுத்தம், குறி தவறுதல் இவற்றால் மட்டுமே அந்த அளவு வித்தியாசம் வந்துவிடலாம். எனவே போன வாரத்தைவிட ஒரு மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது என்று யாரிடமும் அச்சமூட்டக் கூடாது. தொடர்ந்து மூன்று அளவுகள் ஒரே திசையில் போனால் அப்போது பேசலாம். அளக்கிறவர் ஒருவரே என்றால் நம்பிக்கை கூடும். ஆள் மாறினால், இருவரும் ஒரே நாளில் ஒரே காலை அளந்து பார்த்துத் தங்கள் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்களின் கணக்குக்கு இப்போது வருகிறேன். தசை 25 சதவீதம் சிறிது, வலிமை 39 சதவீதம் குறைவு. ஆக, இருக்கிற தசையும் முன்போல வேலை செய்யவில்லை. அமெரிக்காவில் எழுபதுகளில் உள்ளவர்களை மூன்றாண்டுகள் தொடர்ந்த ஹெல்த் ஏபிசி ஆய்விலும் வலிமை குறைந்த வேகம் தசையளவு குறைந்த வேகத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. தசை நாரை இயக்கும் நரம்பணுக்கள் குறைகின்றன, வேகமாகச் சுருங்கும் நார்கள் அதிகம் தேய்கின்றன, நார்களுக்கு நடுவே கொழுப்பும் நார்த்திசுவும் ஊடுருவுகின்றன. இந்தக் கடைசிச் செய்தியைத்தான் அல்ட்ராசவுண்ட் படத்தின் நிறத்தில் பார்க்கலாம். ஆரோக்கியமான தசை கருமையாக, நடுவே மெல்லிய வெள்ளை இழைகளோடு தெரியும். கொழுப்பேறிய தசை வெளிறி, சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். இந்த வெளிறலை 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரை எண்ணாகவும் சொல்ல முடியும். தடிமன் நன்றாகவே இருக்கும் ஒருவரின் தொடை இப்படி வெளிறியிருப்பதைப் பார்க்கும்போது, அவர் ஏன் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்பது புரிகிறது.

ஆனால் அந்த எண்ணை நான் அதிகம் நம்புவதில்லை. கருவியின் ஒலிப்பெருக்க அளவை ஒரு படி மாற்றினால் தசையின் நிறமே மாறிவிடும். ஒரு நிறுவனத்தின் புரோப்பில் வரும் 90 இன்னொரு நிறுவனத்தின் புரோப்பில் 90 ஆகாது. தொடையில் கொழுப்புப் படலம் தடிமனாக இருந்தால் ஒலி அதிலேயே தேய்ந்து, கீழே இருக்கும் தசை உள்ளதைவிடக் கருமையாகத் தெரியும். அதே கருவி, அதே அமைப்பு, அதே ஆள் என்றால் பயன் உண்டு. இல்லையென்றால் கண்ணால் பார்த்து எழுதிவைப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சார்கோபீனியா என்று உலகம் ஒத்துக்கொண்ட எல்லைக்கோடு அல்ட்ராசவுண்டுக்கு இல்லை. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள், இந்தக் கருவி இன்னும் தயாராகவில்லை என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளாத இடம் இதுதான். நோயைத் தீர்ப்பு சொல்வது இதன் வேலை என்று யார் சொன்னது? சார்கோபீனியாவுக்கான ஐரோப்பியப் பணிக்குழு 2019-ல் வெளியிட்ட திருத்திய வரையறையே வலிமையை முதலில் வைத்தது. கைப்பிடி வலிமை ஆண்களுக்கு 27 கிலோவுக்குக் கீழே, பெண்களுக்கு 16-க்குக் கீழே, அல்லது நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 15 நொடிக்கு மேல் ஆனால் சந்தேகப்படு என்கிறது. தசையளவு அதற்கு அடுத்த படிதான். அமெரிக்க நிபுணர்கள் 2020-ல் இன்னும் ஒரு படி போய், டெக்ஸா தரும் தசையளவை வரையறையிலிருந்தே எடுத்துவிடலாம் என்றார்கள். ஏனென்றால் அந்த எண், யார் விழுவார்கள், யார் நடமாட்டம் இழப்பார்கள் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை.

அப்படியானால் புரோப் எதற்கு? ஒருவரை அவரோடே ஒப்பிடுவதற்கு. எல்லைக்கோடு ஊராருக்குப் பொது. என் முன்னால் படுத்திருப்பவரின் தொடை அவருடையது. ஆயுள் முழுக்க உடலுழைப்பில் இருந்த ஒருவர் மருத்துவமனையில் சேரும்போது 32 மில்லிமீட்டர், பத்து நாளில் 27 என்றால் அவர் எந்த எல்லைக்கோட்டுக்கும் கீழே போகவில்லை, ஆனால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழந்துவிட்டார். எல்லைக்கோட்டை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அவர் நலம். இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் 18-லேயே இருக்கிறார், மெலிந்த உடல்வாகு, ஐந்து முறையும் தடையில்லாமல் எழுந்து உட்காருகிறார். அவரைப் பயமுறுத்த ஒன்றுமில்லை. கைப்பிடி வலிமையும் நாற்காலிச் சோதனையும் விழித்திருப்பவரிடம், சொன்னதைப் புரிந்துகொள்பவரிடம், எழுந்து நிற்கக்கூடியவரிடம் மட்டுமே செய்ய முடியும். மயக்கத்தில் இருப்பவருக்கும், இடுப்பெலும்பு முறிந்து கிடப்பவருக்கும், பக்கவாதம் வந்தவருக்கும் அந்த நேரத்தில் பேசக்கூடியது இந்தப் படம் மட்டும்தான்.

படத்தை அவர்களுக்கே காட்டுவது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. "இதுதாம்மா உங்க தொடைத் தசை, இதுக்குக் கீழ எலும்பு" என்று திரையைத் திருப்பினால், உடற்பயிற்சி என்றாலே முகம் சுளிக்கிறவர்களும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். "இவ்வளவுதானா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு காலில் எடை கட்டித் தூக்கும் பயிற்சிக்கு அவரை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. வலுப்பயிற்சியின் பலன் முதலில் தெரிவது வலிமையில்தான், தசை மெதுவாகவே தடிக்கும். 1990-ல் வெளிவந்த ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதானவர்கள் எட்டு வாரம் கடுமையான வலுப்பயிற்சி செய்தார்கள். முடித்தவர்களின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. நடுத்தொடைத் தசைப் பரப்பு கூடியது 9 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்லிவிடுவது முக்கியம். இல்லையென்றால் ஒரு மாதம் உழைத்தவர் திரையில் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறவில்லை என்று சோர்ந்துபோவார். அவருக்கு நாற்காலியிலிருந்து எழும் நேரத்தைக் காட்ட வேண்டும்.

உணவும் கூடவே வர வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் என்பது 2013-லிருந்து நிபுணர் குழுக்கள் சொல்லிவரும் அளவு. நோயிலிருந்து மீள்பவர்களுக்கு அதற்கும் மேல். டயாலிசிஸ் இல்லாமல் கடுமையான சிறுநீரகக் கோளாறோடு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். தசை குறைவதைப் படத்தில் பார்த்துவிட்டு, தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போனால் படம் எடுத்ததே வீண்.

தசையின் எல்லையைத் தானே வரைந்து பரப்பைச் சொல்லும் மென்பொருள்கள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. கோடு இழுப்பதில் ஆளுக்கு ஆள் வரும் வித்தியாசத்தை அவை குறைக்கும், வரவேற்கிறேன். ஆனால் அழுத்திப் பிடித்த புரோப்பிலிருந்து வந்த படத்தை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. கற்றுத்தர வேண்டியது கையைத்தான், அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. செவிலியர்களும் பிசியோதெரபிஸ்ட்களும் உணவியல் நிபுணர்களும் மேற்பார்வையோடு பழகினால் இந்த ஓர் அளவை நன்றாகவே எடுக்கிறார்கள். வயிற்றையோ இதயத்தையோ பார்ப்பதுபோல் சிக்கலானதல்ல இது.

வார்டில் வேலை செய்கிறவர்களிடம் நான் கேட்பது முதல் அளவை. முதியவர் ஒருவர் அனுமதிக்கப்பட்டால் ஓரிரு நாளுக்குள், வீக்கமும் படுக்கையும் கணக்கைக் குழப்புவதற்கு முன்பே, இரு தொடைகளையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். முதல் அளவு இல்லாமல் பத்தாம் நாள் அளப்பதில் எங்களுக்கு அதிகப் பயன் இல்லை. கேஸ் ஷீட்டில் தடிமனோடு சேர்த்து, எந்தக் கால், முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து குறி எத்தனை சென்டிமீட்டர் மேலே, எந்தக் கருவி, படுத்து எவ்வளவு நேரம் கழித்து, காலில் வீக்கம் இருந்ததா, யார் அளந்தது என்பதையும் எழுதுங்கள். ஷிப்ட் மாறி வருகிறவர் அதைப் பார்த்து அதே இடத்தில் புரோப்பை வைக்க முடிய வேண்டும்.